கொன்டெய்னருக்குள் விஎம்: தற்காலிகக் கோப்புகளை எங்கே வைப்பது?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் கணினி வகுப்பு நடத்துகிறவர்களில் பலருக்குப் பிள்ளைக்கு ஒரு கணினி வாங்கிப் போட வசதி இல்லை. கையில் இருப்பது எங்கோ அலுவலகத்தில் கழித்த பழைய கணினி ஒன்று. 16 கிகாபைட் ரேம், 256 கிகாபைட் எஸ்எஸ்டி, கூடவே சும்மா கிடந்த ஒரு ஹார்ட் டிஸ்க். அதில் லினக்ஸும், நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் (கொன்டெய்னர்களில்) ஓட்டும் டொக்கரும் போட்டு, கொன்டெய்னருக்குள் க்யூஎமு என்ற மெய்நிகர் கணினி நிரலை ஓடவிட்டு, ஆளுக்கு ஒரு விஎம் (மெய்நிகர் கணினி) கொடுத்தால் வகுப்பு நடந்துவிடும். ஸ்னாப்ஷொட் முறையில் ஓட்டினால் இன்னும் நிம்மதி. பிள்ளைகள் எதை அழித்தாலும், விஎம்மை அணைத்ததும் அடுத்த முறை எல்லாம் பழையபடி வந்து நிற்கும்.

தொல்லை வகுப்பின் நடுவில்தான் வரும். ஒவ்வொரு திரையாக உறையும். மவுஸ் அசையாது, விசைப்பலகை கேட்காது. "சேர், ஸ்டக் ஆகிட்டு" என்று நாலு மூலையிலிருந்தும் சத்தம். புதியவர்கள் ரேம் போதவில்லை என்று நினைத்து எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி தொடங்குவார்கள். அது கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அதே இடத்தில் வந்து நிற்கும். பெரும்பாலும் ரேமில் குறை இருக்காது. தற்காலிகக் கோப்புகள் போய் விழுகிற டிஸ்க் நிரம்பியிருக்கும்.

அந்தக் கோப்புகள் எங்கே போகின்றன என்று கண்டுபிடிப்பதும், நமக்கு ஏற்ற இடத்துக்குத் திருப்பிவிடுவதும்தான் இங்கே விஷயம். லினக்ஸ் முனையத்தில் நாலு கட்டளை தட்டத் தெரிந்தால் போதும். கட்டளைகளையும் ஃபோல்டர் பெயர்களையும் நாம் வாயால் சொல்கிறபடியே எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். டிஎம்பிடிஐஆர் மாதிரியான சூழல் மாறிகளுக்கு (நிரல்களுக்கு அமைப்பைச் சொல்லும் பெயர்களுக்கு) பெரிய எழுத்து. வேறெங்காவது பெரிய எழுத்து வேண்டுமென்றால் அங்கேயே சொல்லியிருக்கிறேன்.

முதலில் எது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வோம்

க்யூஎமுவை -ஸ்னாப்ஷொட் என்ற விருப்பத்துடன் தொடங்கினால், விஎம் எழுதுகிற எதுவும் அசல் டிஸ்க் இமேஜுக்குப் போகாது. க்யூகவ்2 வடிவத்தில் ஒரு தற்காலிகக் கோப்பு உருவாகி, மாற்றமெல்லாம் அதில் சேரும். அந்தக் கோப்பின் இடத்தை டிஎம்பிடிஐஆர் தீர்மானிக்கும். நீங்கள் அதைச் சொல்லாவிட்டால் /வார்/டிஎம்பி. புதிய பதிப்புகளில் ஒரு விசேஷம் உண்டு: டிஎம்பிடிஐஆருக்கு /டிஎம்பி என்று மதிப்பு கொடுத்தாலும் க்யூஎமு அதைத் தள்ளிவிட்டு /வார்/டிஎம்பியைத்தான் எடுக்கும். பல லினக்ஸ்களில் /டிஎம்பி என்பது ரேமில் இருக்கும் இடம். டிஸ்க் இமேஜ் அளவுக்குப் பெரிய கோப்பு அங்கே போகக்கூடாது என்ற முன்யோசனை அது. "டிஎம்பிடிஐஆர் போட்டேன், வேலை செய்யவில்லை" என்று வருகிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் கேட்பேன்.

விஎம் டிஸ்க் இமேஜ்களைத் திருத்தவும் சுருக்கவும் உதவும் லிப்கெஸ்ட்எஃப்எஸ் குடும்பக் கருவிகளுக்கு, அதாவது விர்ட்-கஸ்டமைஸ், விர்ட்-ஸ்பார்சிஃபை போன்றவற்றுக்கு, வேறு கணக்கு. அவை உள்ளுக்குள் ஒரு குட்டி விஎம்மை ஓட்டித்தான் வேலை செய்கின்றன. அந்தக் குட்டி விஎம்முக்கான கோப்புகள் /வார்/டிஎம்பியில், புள்ளியில் தொடங்கும் ஒரு மறைந்த ஃபோல்டரில் சேர்த்து வைக்கப்படும். அதை மாற்ற லிப்கெஸ்ட்எஃப்எஸ்_கேஷ்டிஐஆர், மற்றத் தற்காலிகக் கோப்புகளுக்கு லிப்கெஸ்ட்எஃப்எஸ்_டிஎம்பிடிஐஆர் என்று இரண்டு மாறிகள் இருக்கின்றன. விர்ட்-ஸ்பார்சிஃபையில் கவனம் தேவை. இமேஜில் நிஜமாக 5 கிகாபைட்தான் இருந்தாலும் அதன் பெயரளவு 40 கிகாபைட் என்றால், தற்காலிக இடமும் அந்த 40 வரை போகலாம். இடம் குறைவான கணினியில் --இன்-பிளேஸ் விருப்பத்தைப் பாவியுங்கள். அது இமேஜை இருந்த இடத்திலேயே சுருக்கும், பிரதி எடுக்காது.

சரி, இதெல்லாம் கொன்டெய்னருக்குள் நடக்கும்போது என்ன மாறுகிறது? உள்ளே தெரிகிற /வார்/டிஎம்பி உங்கள் கணினியின் /வார்/டிஎம்பி அல்ல. வெளியே உள்ள எதையும் உள்ளே இணைக்காவிட்டால் (மவுண்ட் செய்யாவிட்டால்) அது கொன்டெய்னரின் எழுதக்கூடிய மேலடுக்கில் இருக்கும். அந்த மேலடுக்கு ஹோஸ்டில், அதாவது கொன்டெய்னர்களை ஓட்டும் உங்கள் கணினியில், /வார்/லிப்/டொக்கருக்குக் கீழே (டொக்கரின் புதிய பதிப்புகளைப் புதிதாக நிறுவினால் /வார்/லிப்/கொன்டெய்னர்டிக்குக் கீழே) கிடக்கும். இரண்டாவது ஹார்ட் டிஸ்க் காலியாக இருக்க, இயங்குதளம் இருக்கும் சின்ன எஸ்எஸ்டி நிரம்புவது இதனால்தான். அது நிரம்பினால் விஎம்கள் மட்டுமல்ல, ஹோஸ்டே தடுமாறும். லொக் எழுத இடமிருக்காது, சில வேளை திரையில் லொகின் பண்ணவும் முடியாது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்ப்பது

விஎம்கள் ஓடும்போது ஹோஸ்டில் டிஎஃப் -எச் தட்டுங்கள். எந்த டிஸ்க் பகுதி எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று தெரியும். அப்புறம் டொக்கர் பிஎஸ் -எஸ். ஒவ்வொரு கொன்டெய்னரின் மேலடுக்கிலும் பெயரோடு இருக்கும் கோப்புகள் எவ்வளவு என்று அது சொல்லும்.

இந்த இடத்தில்தான் பலரும் குழம்புவார்கள். டிஎஃப் டிஸ்க் நிரம்பிவிட்டது என்கிறது. டியூ போட்டு ஃபோல்டர் ஃபோல்டராகக் கூட்டினால் அவ்வளவு வரவில்லை. கொன்டெய்னருக்குள் போய் /வார்/டிஎம்பியை எல்எஸ் போட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. காரணம், க்யூஎமு அந்தத் தற்காலிகக் கோப்பைத் திறந்த கையோடு அதன் பெயரை அழித்துவிடுகிறது. பெயர் போனாலும் க்யூஎமு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை இடம் பிடிபட்டே இருக்கும். பெயர் இல்லாததால் டியூவுக்கும் எல்எஸ்ஸுக்கும் டொக்கர் பிஎஸ் -எஸ்ஸுக்கும் தெரியாது. ஹோஸ்டில் ரூட்டாக இருந்து எல்எஸ்ஓஎஃப் +எல்1 என்று தட்டுங்கள் (கூட்டல் குறிக்குப் பின் வரும் எல் பெரிய எழுத்து). பெயர் அழிக்கப்பட்டும் திறந்திருக்கும் கோப்புகளை மட்டும் அது காட்டும். விஎல் என்று தொடங்கி ஒரு புள்ளி, அதன் பின் ஆறு கலப்பு எழுத்து, கடைசியில் அழிக்கப்பட்டது என்ற குறிப்பு. அந்த வரிதான் உங்கள் ஆள். அளவும் அதே வரியில் இருக்கும். ஒரு முழு வகுப்பு முடிகிற நேரத்தில் அந்த அளவைக் குறித்து வையுங்கள், அடுத்த படிக்கு அதுதான் கணக்கு.

எல்எஸ்ஓஎஃப் இல்லாத இடத்தில் /ப்ரொக் ஃபோல்டருக்குள் க்யூஎமுவின் செயல் எண்ணை (பிஐடி) தேடி, அதனுள் எஃப்டி ஃபோல்டரை எல்எஸ் -எல் போட்டாலும் அந்தப் பெயரும் அழிக்கப்பட்டது என்ற குறிப்பும் தெரியும், கோப்பின் அளவு தெரியாது. பக்கத்திலேயே என்விரோன் என்ற கோப்பு இருக்கிறது. க்யூஎமு தொடங்கிய நேரத்தில் டிஎம்பிடிஐஆர் உண்மையில் அதற்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை அதில் பார்க்கலாம். ஷெல்லில் ஏற்றுமதி செய்தது கொன்டெய்னருக்குள் தானாகப் போகாது. இது சின்ன விஷயம், ஆனால் நிறைய நேரத்தைத் தின்னும்.

திரை உறைந்ததைப் பற்றி ஒரு வார்த்தை. டிஸ்க் நிரம்பினால் க்யூஎமு விஎம்மைக் கொல்லாது, நிறுத்தி வைக்கும். க்யூஎமு மொனிட்டரில் (இது திரை அல்ல, ஓடும் க்யூஎமுவுக்குக் கட்டளை கொடுக்கும் இடம்) இன்ஃபோ ஸ்டேட்டஸ் என்று கேட்டால், உள்ளீடு-வெளியீட்டுப் பிழையால் இடைநிறுத்தம் என்று பதில் வரும். ஹோஸ்டில் வேறு எதையாவது அழித்து இடம் கொடுத்துவிட்டு, அதே மொனிட்டரில் கொன்ட் என்று தட்டினால் விட்ட இடத்திலிருந்து ஓடும். பிள்ளைகள் செய்த வேலையும் போகாது. ஆகவே பதறிப்போய் எதையும் அணைக்காதீர்கள். பழைய டொக்கர் இமேஜ் ஒன்றை நீக்கினாலே சில கிகாபைட் கிடைத்துவிடும்.

இடம் ஒதுக்குவது

இரண்டாவது டிஸ்கை /டேட்டா என்று மவுண்ட் செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்குள் விஎம்டிஎம்பி என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி, சிஎச்மொட் 1777 கொடுங்கள். முன்னால் இருக்கும் அந்த 1 முக்கியம். யாரும் எழுதலாம், ஆனால் ஒருவர் கோப்பை இன்னொருவர் அழிக்க முடியாது. /டிஎம்பிக்கு இருக்கும் அதே அனுமதி இது.

பிறகு டொக்கர் ரன் கட்டளையில் நாலு விஷயம் சேர்க்க வேண்டும். ஒன்று, --மவுண்ட் கொடுத்து வகை பைண்ட், மூலம் /டேட்டா/விஎம்டிஎம்பி, இலக்கு /விஎம்டிஎம்பி. இரண்டு, -இ கொடுத்து டிஎம்பிடிஐஆருக்கு /விஎம்டிஎம்பி என்ற மதிப்பு. மூன்று, --டிவைஸ் கொடுத்து /டெவ்/கேவிஎம் (ப்ரொசசரின் உதவியோடு விஎம்மை ஓட்டும் வழி). இது இல்லாவிட்டால் விஎம் நத்தை வேகத்தில் ஓடும். இதற்காக, எல்லா உரிமையையும் கொடுத்துவிடும் --ப்ரிவிலெஜ்ட் போடச் சொல்கிறவர்கள் உண்டு. வேண்டாம், கதவு ஒன்றைத் திறக்கச் சொன்னால் சுவரையே இடிக்கிற வேலை அது. நான்கு, அடிப்படை இமேஜ் இருக்கும் ஃபோல்டரை வாசிக்க மட்டும் என்று மவுண்ட் செய்வது. ஸ்னாப்ஷொட் முறையில் க்யூஎமு அசல் இமேஜை வாசிக்க மட்டுமே திறப்பதால் வேலைக்குத் தடையில்லை. யாராவது மொனிட்டரில் கொமிட் (தற்காலிக மாற்றங்களை அசல் இமேஜில் எழுதும் கட்டளை) என்று தட்டி எல்லாருக்கும் பொதுவான இமேஜைக் கெடுக்கவும் முடியாது. லிப்கெஸ்ட்எஃப்எஸ் கருவிகளும் அதே கொன்டெய்னரில் இருந்தால் மேலே சொன்ன இரண்டு மாறிகளுக்கும் இதே பாதையைக் கொடுங்கள்.

டொக்கரின் பெயரிட்ட வொலியூம் போதாதா என்று கேட்கலாம். அது மேலடுக்கைத் தவிர்க்கும், அதுவரை நல்லது. ஆனால் சாதாரணமாக அதுவும் /வார்/லிப்/டொக்கருக்குள்தான் கிடக்கும். எஸ்எஸ்டி நிரம்புவது நிற்காது. பைண்ட் மவுண்ட்தான் வேறு டிஸ்குக்குக் கொண்டுபோகும்.

ஃபெடோரா மாதிரி எஸ்ஈலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு) ஓடும் கணினியில் அனுமதி சரியாக இருந்தும் எழுத முடியவில்லை என்று வந்தால், -வி பாணியில் மவுண்ட் எழுதி, முடிவில் முக்காற்புள்ளியும் சிறிய எழுத்து இசட்டும் சேருங்கள் (பெரிய எழுத்து இசட் போட்டால் ஃபோல்டர் ஒரே கொன்டெய்னருக்கு மட்டும் உரியதாகிவிடும்). டொக்கருக்குப் பதிலாகப் பொட்மேனை ரூட் இல்லாமல் ஓட்டினால், பயனர் எண்கள் மாறிப்போவதால் வரும் தடங்கலுக்கு அதே இடத்தில் பெரிய எழுத்து யூ.

எவ்வளவு ஒதுக்குவது? முன்பு குறித்து வைத்த அளவை எடுங்கள். ஒரு விஎம் வகுப்பு முடிய 3 கிகாபைட் தொட்டது, ஆறு விஎம் என்றால் 18. அதற்கு மேல் பாதியாவது கூடுதலாக விடுங்கள். யாராவது ஒரு பிள்ளை அப்டேட் பொத்தானை அழுத்தும். தற்காலிகக் கோப்பு வளரும், சுருங்காது. விஎம்முக்குள் கோப்பை அழித்தால் வெளியே இடம் திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இரண்டாவது டிஸ்க் இல்லையா? அப்போதும் எல்லை போடலாம். டொக்கரின் --ஸ்டோரேஜ்-ஒப்ட் சைஸ் வழக்கமான உபுண்டு நிறுவலில் வேலை செய்யாது. அதற்கு எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறைமையும் ப்ரொஜெக்ட் கோட்டாவும் வேண்டும். எளிய வழி: ஃபோலொகேட் கட்டளையால் 30 கிகாபைட் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதில் எம்கேஎஃப்எஸ் மூலம் எக்ஸ்ட்4 போட்டு, அந்தக் கோப்பையே ஒரு டிஸ்க் போல (லூப்பாக) மவுண்ட் செய்து, அந்த மவுண்டைக் கொன்டெய்னருக்குக் கொடுங்கள். நிரம்பினால் அந்த 30தான் நிரம்பும், ஹோஸ்ட் மூச்சு விடும்.

ரேமில் வைக்கலாமா?

டிஎம்பிஎஃப்எஸ் (ரேமையே டிஸ்க் போலப் பாவிக்கும் முறை) வேகம் என்று கேள்விப்பட்டு, உடனே --டிஎம்பிஎஃப்எஸ் போட்டு /வார்/டிஎம்பியை ரேமுக்கு மாற்றுகிறவர்கள் உண்டு. 16 கிகாபைட் கணினியில் ஆறு விஎம்முக்கு இரண்டிரண்டாகக் கொடுத்தால் 12 அங்கேயே போய்விட்டது. மிச்சத்தில் டிஸ்க் இமேஜ் மாற்றங்களை எங்கே வைப்பது? டிஎம்பிஎஃப்எஸ்ஸில் எழுதுவது கொன்டெய்னரின் நினைவக எல்லைக்குள்ளேயே எண்ணப்படும் என்பதையும் மறக்க வேண்டாம். எல்லை தாண்டினால் கெர்னல் உள்ளே இருக்கும் பெரிய செயலைத் தேடிக் கொல்லும். அது க்யூஎமுவாகத்தான் இருக்கும். டிஸ்க் நிரம்பினால் இடைநிறுத்தம், மீட்கலாம். ரேம் நிரம்பினால் அந்த விஎம் போனது போனதுதான். அளவு சொல்லாமல் விட்டால் ஹோஸ்ட் ரேமில் பாதி வரை போக அனுமதி கிடைத்துவிடும், ஆகவே சைஸ் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொரு தடங்கல்: க்யூஎமுவில் கேஷ்=நன் போட்டிருந்தால், 6.6க்கு முந்திய கெர்னல்களில் டிஎம்பிஎஃப்எஸ் மேல் இமேஜ் திறக்கவே மறுக்கும். நேரடி உள்ளீடு-வெளியீட்டுக்கு அங்கே ஆதரவு இல்லை.

சொக்கெட், செயல் எண் கோப்பு போன்ற குட்டிச் சாமான்களுக்கு டிஎம்பிஎஃப்எஸ் நன்றாகப் பொருந்தும். 64 மெகாபைட் கொடுத்தாலே தாராளம். சொக்கெட்டின் முழுப் பாதை 108 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது லினக்ஸின் விதி. ஃபோல்டருக்குள் ஃபோல்டராக நீளப் பெயர் வைத்தால் விஎம் தொடங்காது.

/டெவ்/எஸ்எச்எம் தனிக் கதை. டொக்கர் அதற்கு இயல்பாகக் கொடுப்பது 64 மெகாபைட்தான். விஎம்மின் நினைவகத்தையே கோப்பாக அங்கே வைக்கும் அமைப்பை யாராவது பாவித்தால், விஎம் பஸ் எரர் என்று விழுந்துவிடும். --எஸ்எச்எம்-சைஸ் கொடுத்து விஎம் ரேமைவிடச் சற்றுக் கூடுதலாக வையுங்கள். நம் வகுப்புக்கு இது தேவைப்படாது.

தற்காலிகம் இல்லாததைத் தற்காலிக இடத்தில் வைக்காதீர்கள்

மலையகத்தில் இணையம் என்றால் பெரும்பாலும் மொபைல் டேட்டாதான். பெரிய இமேஜ் இறக்க நள்ளிரவுக்குப் பிறகு கிடைக்கும் இரவு டேட்டாவுக்காகக் காத்திருப்போம். மழை பிடித்தால் சிக்னலும் சொல்லிக்கொள்ளும்படி இராது. அப்படி இறக்கியதைக் கொன்டெய்னரோடு சேர்த்து அழித்துவிட்டால் வயிறு எரியும். லிப்கெஸ்ட்எஃப்எஸ் குடும்பத்து விர்ட்-பில்டர் தான் இறக்கும் வார்ப்புருக்களைப் பயனரின் வீட்டு ஃபோல்டரில், புள்ளி கேஷ் என்ற ஃபோல்டருக்குக் கீழே வைக்கிறது. கொன்டெய்னருக்குள் அது /ரூட்டுக்குக் கீழே, மேலடுக்கில். --ஆர்எம் போட்டு ஓட்டினால் கொன்டெய்னர் நின்றதும் எல்லாம் காலி, அடுத்த முறை மறுபடி இறக்கும். அந்த ஃபோல்டரைக் கட்டாயம் ஹோஸ்டிலிருந்து மவுண்ட் செய்யுங்கள். பொட்மேன் பாவிப்பவர்களுக்கு: இமேஜ் இறக்கும்போது அது முதலில் ஹோஸ்டின் /வார்/டிஎம்பியில்தான் சேரும். அங்கே இடம் இல்லாமல் கடைசி நேரத்தில் இறக்கம் முறிந்தால் போன டேட்டா திரும்பாது. டிஎம்பிடிஐஆரை மாற்றியோ, கொன்டெய்னர்ஸ்.கொன்ஃப் கோப்பில் இமேஜ்_கொபி_டிஎம்பி_டிர் என்ற வரியை மாற்றியோ முன்கூட்டியே வேறிடம் சொல்லிவிடலாம்.

அதேபோல், விஎம் டிஸ்க் இமேஜைக் கொன்டெய்னர் இமேஜுக்குள்ளேயே வைத்துக் கட்டுவது பார்க்க வசதியாக இருக்கும். ஸ்னாப்ஷொட் இல்லாமல் அதை எழுதத் திறந்தீர்களோ, மேலடுக்கு முறை ஒரு எழுத்து மாறினாலும் முழுக் கோப்பையும் மேலே பிரதி எடுக்கும். 20 கிகாபைட் இமேஜ் என்றால் விஎம் தொடங்கும் முன்பே 20 கிகாபைட் போய்விடும், அதுவும் கொன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும். இமேஜை வெளியே வைத்து மவுண்ட் செய்வதே சரி.

பிள்ளைகளின் வேலை நாளைக்கும் வேண்டுமென்றால் ஸ்னாப்ஷொட்டை விட்டுவிடுங்கள். க்யூஎமு-ஐஎம்ஜி க்ரியேட் கட்டளையில் -பி கொடுத்து அடிப்படை இமேஜைச் சுட்டி, பெரிய எழுத்து -எஃப் கொடுத்து அதன் வடிவத்தையும் சொல்லி, ஆளுக்கொரு மேல்கோப்பு உருவாக்குங்கள். அதைப் பிள்ளையின் பெயரில் /டேட்டாவில் வையுங்கள், விஎம்டிஎம்பிக்குள் அல்ல.

நிறுவனங்களில் வேலைக்குப் போய் குபர்னெட்டிஸ் (பல கணினிகளில் கொன்டெய்னர்களை நிர்வகிக்கும் முறை) மேல் விஎம்களை ஓட்டும் குபேவெர்ட்டைச் சந்திக்கிறவர்களுக்கும் இதே விஷயம் வேறு உடையில் வரும். தற்காலிக மாற்றங்கள் பொட்டின் (அங்கே கொன்டெய்னர்களை ஓட்டும் அலகு) எம்ப்டிடிர் என்ற தற்காலிகப் பகுதியில் சேரும். எபெமரல்-ஸ்டோரேஜ் எல்லையைத் தாண்டினால் விஎம்மோடு சேர்த்துப் பொட்டையே வெளியேற்றிவிடும். இமேஜ் இறக்குமதிக்கு, குபேவெர்ட்டின் துணைக் கருவியான சிடிஐ தனியாகத் தற்காலிக (ஸ்க்ராட்ச்) இடம் கேட்கும்.

கரண்ட் போனால்

சித்திரை மாதத்துப் பிற்பகல் இடி மின்னலும், ஐப்பசியின் இடி மழையும் நமக்குப் புதிதல்ல. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலத்தையும் பார்த்திருக்கிறோம். திடீரென்று அணைந்தால் ஸ்னாப்ஷொட்டின் பெயரில்லாக் கோப்புகள் பற்றிக் கவலை வேண்டாம். அடுத்த முறை டிஸ்க் மவுண்ட் ஆகும்போது கோப்பு முறைமையே அந்த இடத்தை விடுவித்துவிடும். லிப்கெஸ்ட்எஃப்எஸ் கருவிகள் பாதியில் விட்ட ஃபோல்டர்கள் அப்படிப் போகாது. சிஸ்டம்டி (லினக்ஸின் பின்னணிச் சேவைகளைக் கவனிக்கும் நிரல்) ஓடும் ஹோஸ்டில் /டிஎம்பியைப் பத்து நாளிலும் /வார்/டிஎம்பியை முப்பது நாளிலும் துப்புரவு செய்யும் ஏற்பாடு வழக்கமாக இருக்கும். நாம் உருவாக்கிய /டேட்டா/விஎம்டிஎம்பியை அதற்குத் தெரியாது. கொன்டெய்னருக்குள் சிஸ்டம்டியே பெரும்பாலும் இராது.

ஆகவே கணினி எழும்பியதும், எந்தக் கொன்டெய்னரையும் தொடங்கும் முன், விஎம்டிஎம்பிக்குள் இருப்பதை அழிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்டை வையுங்கள். விஎம் ஓடும்போது அதை ஓட்டக் கூடாது. அழிப்பதற்கு முன் அந்த ஃபோல்டர் சரியாக மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று மவுண்ட்பொயின்ட் கட்டளையால் /டேட்டாவைச் சோதிக்கும் வரியையும் அதில் சேருங்கள். டிஸ்க் கழன்றிருந்தால் --மவுண்ட் பிழை காட்டி நிற்கும், ஆனால் -வி பாணியில் எழுதியிருந்தால் டொக்கர் தானே ஒரு வெற்று ஃபோல்டரை உருவாக்கி, எல்லாம் மறுபடி எஸ்எஸ்டியில் போய் விழும். அதனால் மவுண்ட் இல்லையென்றால் கொன்டெய்னர்களைத் தொடங்காமலே ஸ்கிரிப்ட் நிற்கட்டும்.

நின்றுபோன பழைய கொன்டெய்னர்களின் மேலடுக்குகளை டொக்கர் சிஸ்டம் டிஎஃப் காட்டும். டொக்கர் கொன்டெய்னர் ப்ரூன் அவற்றை நீக்கும். சிஸ்டம் ப்ரூன் -ஏ என்று எங்காவது படித்தால் இரண்டு முறை யோசியுங்கள். எந்தக் கொன்டெய்னரும் பாவிக்காத இமேஜ்களையும் அது சேர்த்து அழித்துவிடும், அவற்றைத் திரும்ப இறக்க மறுபடி இரவு டேட்டா வேண்டும்.